பம்ப்புக்கு வேண்டும், பாய்லருக்கு ஆகாது!

கப்பல் இன்ஜினீயருக்கான 'கிளாஸ் ஃபோர்' ஓரல்ஸ் முடிந்து வெளியே வந்த என் பழைய மாணவன் போனில் அழாத குறை. "தெரிஞ்ச கேள்விதான் சார். பிரைமிங் ஆனா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. உடனே பம்ப்பை ஸ்டார்ட் பண்ணுவேன்னு சொல்லிட்டேன்." கேள்வி கேட்டவர் அதுவரை பேசிக்கொண்டிருந்தது பாய்லரைப் பற்றி!

பம்ப்பை ஓட்டுவதற்கு முன் அதன் வயிற்றில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது பிரைமிங். கிணற்றடி மோட்டாருக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிய பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சொல் பாய்லரோடு சேர்ந்தால் கதை வேறு. கொதிக்கும் தண்ணீர், நீராவியோடு சேர்ந்து குழாய்க்குள் போய்விடுகிறது என்று பொருள். அது டர்பைனில் போய் மோதினால் பிளேடுகள் சேதமாகும். பம்ப்புக்கு நாமே செய்ய வேண்டியது, பாய்லருக்கு வரவே கூடாதது. 'பிரைம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் மனப்பாடம் செய்தாலும் எது எங்கே என்பது பிடிபடாது. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

சொற்கள் இப்படிக் கூட்டுச் சேர்வதற்கு 'கொலொகேஷன்' என்ற பெயரை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே.ஆர். ஃபர்த், 1950களில். லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். நம் பிள்ளைகள் இதைத் தமிழ் இலக்கணத்தில் 'வினைமரபு' என்று எப்போதோ படித்துவிட்டார்கள். பானை வனை, கூடை முடை, கூரை வேய், சுவர் எழுப்பு. எல்லாமே 'செய்'வதுதான். ஆனாலும் பானையை முடைந்தால் மதிப்பெண் போச்சு. கடல்சார் ஆங்கில வகுப்பை நான் இந்த நான்கிலிருந்துதான் தொடங்குகிறேன். இங்கிலீஷ் வாத்தியார் போர்டில் தமிழ் எழுதுகிறாரே என்று முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் நம் 'போடு'வில் இருக்கிறது. லைட்டைப் போடுகிறோம், ஃபேனைப் போடுகிறோம், டீயும் சண்டையும்கூடப் போடுகிறோம். அதே கையோடு லாக் புக்கில் 'புட் த ஜெனரேட்டர்' என்று எழுதிவிடுகிறான் பையன். ஜெனரேட்டரை 'ஸ்டார்ட்' செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஓடத் தொடங்கிய பிறகு அதை 'புட் ஆன் லோடு' செய்யலாம். அங்கே 'புட்' சரி. ஏன் என்று கேட்டால் என்னிடம் விதி எதுவும் இல்லை. பானையை ஏன் வனைகிறோம் என்பதற்கும் இல்லை.

இலக்கணப் பிழையோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டேன். நீராவி வால்வை 'கிராக் ஓப்பன்' செய் என்று செகண்ட் இன்ஜினீயர் சொன்னால், மயிரிழை அளவு திறந்து வை என்று அர்த்தம். குழாய் மெல்லச் சூடாக வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும். 'ஓப்பன்' மட்டும் காதில் விழுந்து ஒரேயடியாகத் திறந்தால், அந்தத் தண்ணீர் நீராவியின் வேகத்தில் சம்மட்டி அடிபோல வளைவுகளில் இடிக்கும். குழாயே வெடிக்கலாம். ஒரு வகுப்பில் 'கிராக்' என்றால் என்ன என்று கேட்டேன். "உடைக்கிறது சார்" என்றான் ஒருவன். வால்வை உடைப்பாயா என்றேன். "நீங்க சொன்னா உடைப்பேன் சார்!"

கப்பலில் மொழி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1990 ஏப்ரலில் 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' கப்பலின் தீ விபத்து காட்டியது. 159 பேர் இறந்தார்கள். பணியாளர்களில் பலருக்குப் பயணிகளோடு பேசப் பொதுமொழி இல்லை. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பலில் பேச வேண்டிய வாக்கியங்களையே தொகுத்து ஏற்றுக்கொண்டது. நல்ல தொகுப்புதான். ஆனால் அதில் பெரும்பகுதி மேலே பிரிட்ஜில் நிற்பவருக்கானது. கீழே இன்ஜின் ரூமுக்குக் கிடைப்பது கொஞ்சம். மாலுமிகளின் பயிற்சி பற்றிய 1978ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, இன்ஜினீயருக்குத் தொழில்நுட்பக் கையேடுகளைப் படித்து வேலை செய்யும் அளவு ஆங்கிலம் வேண்டும் என்கிறது. அந்த இடைவெளியை வகுப்பறைதான் நிரப்ப வேண்டும்.

நான் செய்வது எளிய வேலை. போர்டின் நடுவே 'பம்ப்' என்று எழுதி, அதோடு சேரும் வினைகளைக் கையேட்டிலிருந்து பொறுக்கி வரச் சொல்வேன். பிரைம் செய்வோம், ஸ்டார்ட் செய்வோம். அது 'ட்ரிப்' ஆகும், 'ரன் ட்ரை' ஆகும், 'லூஸ் சக்‌ஷன்' ஆகும். இந்தக் கடைசியில் ஒரு வம்பு: இழப்பதும் தளர்வதும் நம் வாயில் ஒரே 'லூஸ்'தான். நட்டு லூஸ் ஆவதையும் பம்ப் சக்‌ஷனை இழப்பதையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். பட்டியல் அவர்களே சேர்த்ததாக இருக்க வேண்டும். நான் அச்சடித்துக் கொடுத்த தாள்களில் கேன்டீன் வடை மடிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

போனில் புலம்பிய பையன் மறுபடி ஓரல்ஸுக்குப் போனான். பிரைமிங் வரவில்லையாம். "இன்ஜின் கவர்னர் 'ஹன்ட்' பண்ணினா என்னன்னு கேட்டாங்க சார்."

"என்ன சொன்னே?"

"ஸ்பீடு நிலையா நிக்காம ஏறி இறங்கிட்டே இருக்கும்னு சொன்னேன். வேட்டைக்குப் போகல சார்."