பதிவேட்டில் இடம்பெறாத எண்

யூ.பி.ஐ. மூலம் பணம் அனுப்புகையில், கணக்கில் தொகை கழிந்தும் பெறுநருக்குச் சேராத நேரங்கள் உண்டு. அப்போது நடந்ததை எவ்வாறு அறிகிறோம்?

தங்கள் செயலி அனுப்பும் கோரிக்கையும், எங்கள் கணினி தரும் மறுமொழியும் இடையிலுள்ள ஒரு மென்பொருள் அடுக்கைக் கடந்தே செல்கின்றன. நேரம், குறிப்பு எண், முடிவு ஆகியவற்றை அது பதிந்துகொள்கிறது. கோரிக்கை பதிவாகி மறுமொழி பதிவாகாதிருப்பின், தடங்கல் நேர்ந்த இடம் புலனாகும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் பிறப்பித்த ஆணைப்படி, கணினிப் பதிவுகள் 180 நாள்கள் பேணப்பட வேண்டும்.

நெடுநாள் இருக்கும் பதிவில் இரகசியங்கள் தங்கலாகாது. ஆகவே, பின் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் எழுதப்படுவதில்லை. கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டுமே தெரியும்.

புகார் அளிக்கையில் 12 இலக்கக் குறிப்பு எண்ணைத் தாருங்கள், அதைக்கொண்டே தேடுகிறோம். பின் எண்ணைக் கேட்பவர் எவராயினும் எம்மவர் அல்லர்.