பழைய கணினியும் ஏடு பெயர்த்தலும்

கண்டி நகரிலுள்ள கணினிக் கடையொன்றில் என் மடிக்கணினியை மேசைமேல் வைத்தேன். கடையிலிருந்த இளைஞர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். திரையில் வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தது. அதற்குள் அவர் வேறு இருவருக்குப் பொருள் விற்றுத் திரும்பிவிட்டார். “சேர், இதற்கு இனிச் செலவழிப்பது வீண். பழைய இரும்பு வாங்க வருபவர்களிடம் போட்டுவிட்டுப் புதியதொன்று எடுங்கள்” என்றார். புதியதன் விலையைக் கேட்டேன். இரண்டு இலட்சம் ரூபாவுக்கு மேல் சொன்னார். அஃது என் மூன்று மாதச் சம்பளம். கணினியை மீண்டும் பைக்குள் இட்டுக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறினேன்.

விலை மட்டும் என்னைத் தடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் வாங்கிய அக்கருவிக்குள் என் ஆசிரியர் இருந்தார். நன்னூலை அவர் பாடஞ் சொல்லியபோது நான் குறித்துக்கொண்டவை நூற்றுப் பதினெட்டுப் பாடங்கள். குறிப்புத் தாள்களைச் செல் அரிக்கத் தொடங்கியபின், பல விடுமுறைகளில் இருந்து அவற்றைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றினேன். ஆசிரியர் இன்று இல்லை, தாள்களும் இல்லை. அப்பாடங்களுக்கு வேறு படியும் இல்லை. எழுதியதற்குப் படி எடுத்து வைக்குமாறு மாணவர்க்கு ஓயாது சொல்லும் நான், எனக்கென்று அதனைச் செய்திலேன். சில வாரங்களாகக் கணினியின் இடப்புறத்திலிருந்து சுவர்க்கடிகாரம்போல ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி வேறு கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தகைய ஐயம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. என் கணினியை இயக்கிய விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலையில் வெளிவந்தது. அதற்கான ஆதரவை அதனை உருவாக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. விரும்புவோர் பின்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழி வைத்ததேயன்றி, புதிய விண்டோஸ் 11க்கு மாறுவதே முறையெனக் கூறிற்று. அப்புதிய தளமோ எல்லாக் கணினியிலும் குடியேறாது. டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையினதோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. கருவியில் உடைவு இல்லை, விசைகள் தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆயினும் அது வாயிலில் நிறுத்தப்பட்டது. குலம் கேட்டு உள்ளே விடும் வழக்கம் மனிதரை விட்டு நீங்குமுன்னரே கணினிக்கும் வந்துவிட்டதே என எண்ணிக்கொண்டேன்.

கம்பளையில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர் என் பழைய மாணவர். அவரிடம் சென்றேன். அவர் கணினியைத் திறக்குமுன் காதை அதனருகே வைத்துக் கேட்டார். “ஐயா, புதிது வாங்குவதா இதையே திருத்துவதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவோம். இந்தத் தட்டு எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது” என்றார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது மகாவலி கரைபுரண்டு நகருக்குள் வந்ததைக் கம்பளையார் எவரும் மறவார். வெள்ளம் வடிந்தபின், சேறு பிடித்த கொப்பிகளும் சான்றிதழ்களும் வீதியோரத்தில் கிடந்தன. என் வீடு மேட்டில் இருந்தமையால் தப்பியது. அன்றே நான் விழித்திருக்க வேண்டும். அன்று விழியாதவனை அந்த ‘டிக்’ ஒலியே விழிக்கச் செய்தது.

ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாயிற்று. பாடங்கள் யாவும் வெளித்தட்டொன்றுக்கு வந்து சேர்ந்தன. மகிழ்ச்சியுடன் அவற்றை மாணவரின் கணினியில் திறந்தேன். ஒரு தமிழெழுத்தும் இல்லை. நான் தட்டெழுதியது நம் நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திவைத்த ஓர் ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் அத்திரை விலகிவிடும். ‘தமிழ்’ என்று நான் எழுதிய சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தந்தது. தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தனியிடம் கிடைத்துவிட்டது. நாமோ அதன் பின்னும் பல ஆண்டுகள் பாமினியிலேயே வினாத்தாளும் மலரும் ஆக்கிக் குவித்தோம். நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் உறங்கும் பழைய கணினிகளுள் இத்தகைய கோப்புகள் எத்துணையோ!

பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் உள. மாற்றியபோதுதான் பழையதொரு சிக்கல் தலைகாட்டிற்று. பாமினியில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவம் ஏறக்குறைய ஒன்றே. தட்டெழுதுவோர் ரகரவொற்றுக்குக் காலை இட்டு மேலே புள்ளி வைப்பது வழக்கம். நல்ல மாற்றிகள் அதனை அறிந்து திருத்திக்கொள்ளும். ஆனால், விரைவில் உயிர்மெய் ரகரத்துக்கும் காலையே இட்டிருந்தால் அவை யாது செய்யும்? திரையில் ‘மரம்’ எனத் தோன்றியது மாற்றியபின் ‘மாம்’ என நிற்கும்.

ஓலைச்சுவடி பயின்றோர்க்கு இது புதிதன்று. சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவின. மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு காணப்படாது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோதும், இந்த ஐயங்களோடு மல்லாடியே பாடம் தெளிந்தனர். கையிற் பட்டதும் நொறுங்கும் ஏடுகளைப் பற்றித் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கின்றார். ஓலைக்கு ஆயுள் உண்டென்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின் சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். (கல்லில் வெட்டியோர்க்கு இத்தொல்லை இல்லை. கம்பளை அரசிருக்கையாயிருந்த 14ஆம் நூற்றாண்டில் இலங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் பொறித்த சாசனம் பெயர்த்தெழுதப்படாமலே இருக்கின்றது.)

பாடங்கள் பத்திரமானபின், திருத்துவதா வாங்குவதா என்ற வினாவின் அச்சம் நீங்கிவிட்டது. அது வெறும் கணக்காயிற்று. மாணவர் கணினியின் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். ‘டிக்’ ஒலி எழுப்பிய வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் காந்தத் தட்டு. அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடி வேண்டியதைத் தேடும். எழுதப்பட்ட கோப்பு பல துண்டுகளாய்ப் பல இடத்திற் கிடந்தால் அக்கையின் ஓட்டமும் மிகும். திண்மநிலைச் சேமிப்பகம் எனும் எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. மின்னணுச் சில்லுகளே உள. பழங்கணினியின் சோம்பலுக்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று, இந்தச் சுழல்தட்டே காரணம் என்றார்.

மற்றொன்று நினைவகம். அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கலாம். ஆனால் படிக்கும் மேசை சிறிதாயின் ஒரு நூலை விரிக்க மற்றொன்றை மீண்டும் அலுமாரியில் வைக்க வேண்டும். 4 ஜிகாபைட் நினைவகம் இக்காலத்துக்கு அத்தகைய சிறு மேசை. அதனை 8 ஆக்க எண்ணினோம். அவ்வேளையில் நினைவகத்தின் விலை ஏறியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெருநாடுகளில் எழும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால், 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் இந்த ஏற்றம். எங்கோ கேட்கும் கேள்விக்கு எந்திரம் விடை சொல்ல, கம்பளைக் கடைத்தெருவில் நான் விலை கொடுக்க வேண்டியதாயிற்று! மாணவர் வழி கண்டார். பலகை எரிந்துபோன வேறொரு கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த 4 ஜிகாபைட் துண்டு அவரிடம் இருந்தது. டி.டி.ஆர். 3 வகைக்கும் 4 வகைக்கும் வெட்டு வேறிடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் இடத்திற் பொருந்தாது. நற்பேறாக அது பொருந்திற்று.

கண்டி இளைஞரின் அறிவுரை எல்லார்க்கும் பிழையென்று நான் சொல்லேன். தாய்ப்பலகை பழுதானாலும், கீல் உடைந்து திரையும் வெடித்திருந்தாலும், திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொடும். மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றிற் கூட்ட இடமில்லை. என் தமக்கை மகள் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயில்கின்றாள். அவளுடைய வரைபட வேலைக்குப் பழையதைத் தட்டிக்கொட்டிப் பயனில்லையென்று நானே புதியது வாங்கச் சொன்னேன். பாடம் எழுதவும் படிக்கவும் மட்டுமே வேண்டும் என் போன்றோரின் கதை வேறு.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. பழுதுபார்ப்போரின் அருமையை நம் நாட்டார் பலர் அப்போதுதான் உணர்ந்தனர். ஐரோப்பாவிலும் இவ்வெண்ணம் வளர்கின்றது. பிரான்சு நாட்டில் 2021 முதல் மடிக்கணினி விற்போர், அஃது எத்துணை எளிதாகப் பழுதுபார்க்கத் தக்கது என்பதற்குரிய மதிப்பெண்ணை வாங்குவோர்க்குக் காட்ட வேண்டுமென்று சட்டம் செய்தனர். 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதிற் கால்பங்கு கூட முறையாக மீட்கப்பட்டதாகப் பதிவாகவில்லை என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது.

எஞ்சியது இயங்குதளம். விண்டோஸை நீக்கிவிட்டு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்பதை மாணவர் நிறுவினார். நிறுவுமுன் அதனை ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினார். பிடிக்காவிடின் விட்டுவிடலாம் என்றார். விண்டோஸுக்கென்றே ஆக்கிய சில மென்பொருள்கள் இதில் ஓடா. எனக்கு அவை வேண்டியதில்லை. வேண்டியது தமிழ் எழுதுதல். இருபது ஆண்டு பாமினியிற் பழகிய விரல்கள் தமிழ் 99 விசைப்பலகையில் முதல் இரு வாரம் அரிச்சுவடி மாணவனைப்போலத் தடுமாறின. வகுப்பிற் பிள்ளைகள் இரகசியமாகச் சிரித்தனர்.

எஸ்.எஸ்.டி.க்கும் நினைவகத்துக்கும் கூலிக்குமாகச் சேர்த்து, புதியதன் விலையில் ஆறில் ஒரு பங்கும் ஆகவில்லை. கூலியை வாங்க மாணவர் மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் விழித்துக்கொள்கின்றது. பாடங்களுக்கு மூன்று படிகள் உள. ஒன்று மாணவரிடம், ஒன்று என் தமக்கை வீட்டில். நாள்தோறும் இரவில் ஒரு பாடமாக ரகரத்தையும் காலையும் ஒப்புநோக்கித் திருத்தி வருகின்றேன். நேற்று நாற்பத்தேழாம் பாடம். ஆசிரியர் ‘மரம்’ என்று சொன்னாரா, ‘மாரம்’ என்று சொன்னாரா என ஓரிடத்தில் நின்றுவிட்டேன். உதாரணத்தைப் படித்தபின் ‘மரம்’ என்றே கொண்டேன். இன்னும் எழுபத்தொன்று இருக்கின்றன.