மாடிப்படியின் உச்சியில் ஓர் அலுமாரி

1945ஆம் ஆண்டு. யுத்தகாலத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த லண்டன் தென் கென்சிங்டன் விஞ்ஞான நூதனசாலை மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே ஓடிவந்த சிறுவர்களுள் ஒலிவர் சாக்ஸ் என்பவனும் ஒருவன். பிற்காலத்தில் பெயர்பெற்ற நரம்பியல் வைத்தியராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர் அவரே. அன்று வயது ஏறக்குறைய 12.

மாடிப்படியின் உச்சியில், சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு கருமரத்தாலான பேரலுமாரி ஒன்று நின்றது. அதிலே தொண்ணூறுக்கு மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலகத்தின் பெயர், குறியீடு, அணுநிறை. ஆபத்தின்றி வைக்கக்கூடியதாயின் அந்த மூலகமே! குளோரீன் பசுமஞ்சள் வாயுவாகக் கண்ணாடிக்குள் அடைபட்டிருந்தது. அயடீன் ஊதா ஆவி சூழக் கரும்பளிங்குகளாகக் கிடந்தது. ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் வகுத்த ஆவர்த்தன அட்டவணையே அது. நம் மாணவர்கள் அதனை மனனஞ் செய்து அலுத்திருப்பர். அவர்களைக் குறைகூறுவதெப்படி? பாடப்புத்தகத்தில் கட்டங்கள் உண்டு; பொருள் இல்லையே!

அன்றிரவு சிறுவனுக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் கதவு திறந்ததும் மீண்டும் மாடிக்கு ஓடினான்.

இத்துணைப் பரவசம் ஏன்? குண்டுவீச்சுக்கு அஞ்சி, 6 வயதிலே பெற்றோரைப் பிரித்துத் தூரத்து விடுதிப் பள்ளியொன்றுக்கு அனுப்பப்பட்டவன் அவன். அங்கே பிரம்படியும் அரைவயிற்று உணவுமே கிடைத்தன. யாரை நம்புவதென்று அறியாத அந்நாளில் எண்களையே துணையாகக் கொண்டான். வீடு மீண்டபின், மின்குமிழ்த் தொழிற்சாலை நடத்திய தாய்மாமன் உலோகங்களைக் கையிலே கொடுத்துக் காட்டினார்.

மெண்டலீவோ தம் அட்டவணையிற் சில இடங்களை வெறுமையாக விட்டு, அங்கு வரவேண்டிய மூலகங்களின் இயல்பை முன்கூட்டியே உரைத்தவர். 1875இல் கல்லியம், 1879இல் ஸ்கண்டியம், 1886இல் ஜேர்மானியம் என அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. சொன்ன சொல் தவறாத உலகம் ஒன்று உண்டென்பதை அச்சிறுவன் அலுமாரியின் முன் நின்று கண்டான்.

முதுமையிலும் அது அவரை விட்டு நீங்கவில்லை. தம் வயதை அந்த எண்ணுக்குரிய மூலகத்தாற் குறிப்பது அவர் வழக்கம். 2015 ஜூலையில் 82 வயது நிறைந்தது. அது ஈயத்தின் எண். புற்றுநோயோ முற்றியிருந்தது. 83ஆம் மூலகமாகிய பிஸ்மத்தின் பிறந்தநாளைத் தாம் காணப்போவதில்லை என எழுதினார். ஓகஸ்ட் 30ஆந் திகதி காலமானார்.

ஈயம் வைத்திருந்த மேசையின் மறுகோடியில் 4ஆம் மூலகமாகிய பெரிலியத்தையும் வைத்திருந்தார், தம் குழந்தைப் பருவத்தை நினைப்பதற்காக.