வாடகையா, வட்டியா?

கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் மாசா மாசம் வாடகை வருமே!" என்பதுதான். மகாராஜபுரத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 2014-ல், தென்னந்தோப்பில் எங்கள் பங்கை விற்ற 9 லட்சத்தையும் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு அறை உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கினோம். "பத்திரம் பெட்டியில் இருந்தால் நிம்மதி" என்றார் என் கணவர்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வாடகைக் கணக்கையும் எழுதி வைப்பது என் வழக்கம். 2022-ம் வருஷக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். வாடகை மாதம் 4,000. வருஷத்துக்கு 48,000 என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குடியிருந்தவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்து அவர்கள் அங்கேயே போய்விட, இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. 8,000 போச்சு. வெள்ளையடிக்க 7,000, மோட்டாருக்குக் காயில் கட்ட 3,500, வீட்டு வரி 1,800. மிச்சம் 27,700தான்!

அதைவிடப் பெரிய பாடம் அதற்கு முந்தின வருஷமே கிடைத்தது. அத்தை (என் மாமியார்) வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன். ஒரு வாரத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். வீட்டில் ஒரு அறையை மட்டும் பிரித்து விற்க முடியுமா? அவசரம் என்று தெரிந்ததும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள். கடைசியில் என் கழுத்துச் சங்கிலிதான் அடகுக்குப் போனது. மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று.

2023-ல் மில்லில் கணக்கு முடித்து என் கணவருக்கு 9 லட்சம் வந்தது. மறுநாளே தரகர் வந்துவிட்டார், இன்னொரு வீடு இருக்கிறதென்று! நான் நோட்டை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை பணம் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துக்குப் போனது, எங்கள் இருவர் பேரிலும். அப்போது வட்டி 7.4 சதவீதம். மாதம் 5,550. வெள்ளையடிப்பு கிடையாது, ஆள் பிடிக்கும் அலைச்சலும் கிடையாது. முதல் வருஷம் பணத்தைத் தொட முடியாது. அதன்பின் மூன்று வருஷத்துக்குள் எடுத்தால் 2 சதவீதமும், மூன்று வருஷம் கழித்து எடுத்தால் 1 சதவீதமும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

வீடே வேண்டாமென்று சொல்ல வரவில்லை. 9 லட்சத்துக்கு வாங்கியதை இன்று 15 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். வாடகையும் 5,000 ஆகிவிட்டது. தபால் ஆபீஸ் வட்டியோ, ஐந்து வருஷத்துக்கும் அதே 5,550தான். விலைவாசி ஏறினால் அது ஏறாது. அதனால்தான் வீட்டை விற்கவில்லை. ஆனால் இருக்கிற பணம் முழுவதையும் செங்கல்லில் போட்டுவிட்டுக் கையை விரிப்பது இனி எங்களால் ஆகாது.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்குக் கை கொடுத்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் செய்கூலி, சேதாரம் என்று கொடுத்தது விற்கும்போது திரும்புவதில்லை. சீட்டுப் போடுகிறவர்கள், நடத்துபவர் சட்டப்படி பதிவு செய்தவர்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த முகம் என்று நம்பிப் போட்டு அழுதவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

வாடகைக்கு விடுகிறவர்கள், சொந்தக்காரராகவே இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு மறுபடியும் காலியாகிவிட்டது. சாவி ஆணியில் தொங்குகிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை 8,000 கேட்கிறார்.