அசையாத காற்றுக்கு அரசு மானியம்

அரை டிகிரி. குளிர்காலத்தில் படுக்கையறையின் சராசரி வெப்பநிலை கூடியது அவ்வளவுதான். நியூஸிலாந்தில் வருமானம் குறைந்தவர்கள் வாழும் ஏழு ஊர்ப்பகுதிகளில், 1350 வீடுகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதி வீடுகளுக்கு மட்டும் கூரைக்கடியில் வெப்பக்காப்புப் பஞ்சு விரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுத் தொல்லை உள்ளவர் ஒருவராவது இருந்தார். 2001 குளிர்காலத்தில் ஒரு கணக்கு, பஞ்சு போட்டபின் 2002-இல் இன்னொரு கணக்கு.

அரை டிகிரி என்பது தோலுக்குக்கூடத் தெரியாத வித்தியாசம். ஆனால் பஞ்சு போட்ட வீடுகளில் மூச்சிரைப்பு கணிசமாகக் குறைந்தது. பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் பள்ளிக்கு லீவு போடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. டாக்டரிடம் போனதாகச் சொன்னவர்களும் குறைவு. போதாததற்கு, பஞ்சு இல்லாத வீடுகள் 100 பங்கு எரிசக்தி செலவழித்த இடத்தில் இவை 81 பங்குதான் செலவழித்தன. பிலிப்பா ஹௌடன்-சாப்மன் தலைமையிலான குழு இந்த முடிவுகளை 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது எப்படி?

அந்த வீடுகளைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மரச் சுவர், நெளிதகரக் கூரை, தரையிலிருந்து சற்று உயர்த்திப் போட்ட மரத்தளம். தளத்துக்குக் கீழே வெறும் மண். புது வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்ற விதி அங்கே 1978-இல்தான் வந்தது. அதற்கு முன்பு கட்டியவற்றில், சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள பரணில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஹீட்டர் சூடாக்கிய காற்று மேலே போய் சீலிங்கைச் சூடாக்கும். சீலிங் பரணைச் சூடாக்கும். தகரம் அதை வானத்துக்குத் தானம் செய்துவிடும்.

அந்தப் பரணில் விரிக்கும் பஞ்சு பெரும்பாலும் கண்ணாடி இழை. இளஞ்சிவப்புச் சாயம் போட்ட ஒரு வகை அங்கே பிரபலம். ‘பிங்க் பேட்ஸ்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடி வெப்பத்தைத் தடுப்பதில் அப்படியொன்றும் கெட்டிக்காரப் பொருள் இல்லை. அசையாத காற்றைவிடச் சுமார் 40 மடங்கு வெப்பத்தைக் கடத்திவிடும். தடுப்பது காற்றுதான். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் நிற்காது. சூடானது மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், அந்தச் சுழற்சியிலேயே வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்துபோய்ச் சேர்த்துவிடும். இழைகளுக்கு இடையே சின்னச் சின்ன இடுக்குகளில் மாட்டிக்கொண்டால் அந்த ஓட்டம் நின்றுபோகிறது. கண்ணாடிக்கு வேலை, காற்றை அசையாமல் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். பஞ்சின் கன அளவில் சுமார் 99 சதவீதம் காற்று. அதனால்தான் அதன்மேல் பழைய டிரங்குப் பெட்டியை ஏற்றி வைத்து அமுக்கினால் காசு வீண், நனைந்தாலும் வீண்.

சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான தந்திரம் இல்லை. 1842-இல் கடற்கரையோரம் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதை மரத்தூளில் புதைத்து, பல மாதக் கடல் பயணத்தில், வெப்பமண்டலத்தின் ஊடாக அனுப்பி வைத்தார். மரத்தூளும் காற்றைக் கட்டிப்போடும் ஒரு பொருள்தான். குளிரை உள்ளே வைப்பதும் சூட்டை உள்ளே வைப்பதும் ஒரே வேலை.

சரி, அரை டிகிரி புதிருக்கு வருவோம். சராசரி எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லும். அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய எண் வேறு: படுக்கையறை 10 டிகிரிக்குக் கீழே கிடந்த நேரம் நாளொன்றுக்கு 1.7 மணி நேரம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. இங்கே பேச்சே 10 டிகிரியைப் பற்றி. குழந்தை சுருண்டு படுத்திருக்கும் விடிகாலை நேரம் அது.

இன்னொன்று ஈரம். பரணில் பஞ்சு விரித்ததோடு ஆய்வுக் குழு நிற்கவில்லை. கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தது, தளத்துக்கடியில் அலுமினியத் தாள் பொருத்தியது, வெறும் மண்ணின்மேல் பாலிதீன் விரித்தது. ஒரு வீட்டுக்குக் கீழே உள்ள ஈர மண்ணிலிருந்து ஒரு நாளில் 40 லிட்டர் வரை நீர் ஆவியாகலாம். தினம் மூன்று குடம் தண்ணீரை யாரோ வீட்டுக்கடியில் கொதிக்க வைக்காமலே ஆவியாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும், வியர்த்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் நுண்விதைகள் மூச்சுக்குழலுக்குப் போகும். சுவர் கொஞ்சம் சூடாகி, ஈரமும் கொஞ்சம் குறைந்தால், வியர்க்கும் அந்த எல்லையைத் தாண்டாமல் வீடு தப்பித்துவிடும்.

2009 ஜூலையில் நியூஸிலாந்து அரசு மானியத்தைப் பெரிய அளவில் தொடங்கியது. 2000-க்கு முன் கட்டிய வீடுகளுக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல். மின்சாரம் மிச்சமாகும் என்ற பேச்சோடுதான் திட்டம் வந்தது. பிறகு கணக்குப் பார்த்தவர்கள், போட்ட ஒரு டாலருக்குக் கிட்டத்தட்ட நான்கு டாலர் நன்மை என்றார்கள். ஆனால் அதில் மின்சார மிச்சம் மிகச் சொற்பம். ஏறக்குறைய முழுவதும் உடல்நலக் கணக்கில் வந்தது. குறிப்பாக, இதய, ரத்த ஓட்ட நோய்களுக்காக ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய முதியவர்களிடையே சாவு குறைந்திருந்தது. எரிசக்தித் துறை செலவு செய்ய, லாபம் சுகாதாரத் துறைக்கு. இப்படி ஒரு துறையின் பணத்தில் இன்னொரு துறை கொழிக்கும்போது, பட்ஜெட் நேரத்தில் அந்தத் திட்டத்துக்காகச் சண்டை போட யாரும் இருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

எவ்வளவு கனம் போடுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வெறும் சீலிங்கின்மேல் முதல் 10 சென்டிமீட்டர் பஞ்சு, அந்த வழியாகப் போகும் வெப்பத்தில் சுமார் ஆறில் ஐந்து பங்கை நிறுத்திவிடும். அடுத்த 10 சென்டிமீட்டர், மிச்சமிருப்பதில் ஏறத்தாழப் பாதியைத்தான் நிறுத்தும். பிரிட்டனில் 27 சென்டிமீட்டர் வரை போடச் சொல்கிறார்கள். குளிர் நாட்டில் அது நியாயமே. ஆனால் அரசின் கையில் பணம் குறைவு என்றால், ஒரு வீட்டுக்கு இரண்டாவது அடுக்கு போடுவதைவிட, வெறும் பரணுள்ள இரண்டாவது வீட்டைத் தேடிப் போவதே புத்திசாலித்தனம்.

அவசரமும் ஆபத்து. பக்கத்து ஆஸ்திரேலியா 2009 பிப்ரவரியில், பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க, இதேபோன்ற மானியத்தை அறிவித்தது. ஒரே ஆண்டுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பரண்கள். அனுபவமில்லாத இளைஞர்கள் அலுமினியத் தாளை உலோக ஊசிகளால் அடித்தபோது, ஊசி மின்கம்பியில் இறங்கி, தாள் முழுக்க மின்சாரம் பாய்ந்தது. திட்டத்தின் வேலைகளில் மொத்தம் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள்: மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் பரணின் வெக்கையில். 2010 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள்; 2014-இல் அரச விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. நியூஸிலாந்தும் வீடுகளில் அந்தத் தாளைப் பொருத்துவதை 2016-இல் தடை செய்தது.

மானியம் எளிதில் எட்டாத வீடு ஒன்றுண்டு: வாடகை வீடு. பஞ்சுக்குக் காசு போடவேண்டியவர் வீட்டுக்காரர், நடுங்குபவர் குடியிருப்பவர். இதற்குச் சலுகை போதாது என்று பார்த்து, நியூஸிலாந்தில் 2019 ஜூலை முதல் வாடகை வீடுகளுக்கு வெப்பக்காப்பைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்த முதல் ஆய்வில் பஞ்சு கிடைக்காத மறுபாதி வீடுகள் இருந்தன அல்லவா? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 2002 குளிர்காலத்தைப் பழையபடியே கழித்தவர்கள். கணக்கெடுப்பு முடிந்ததும் ஆட்கள் ஏணியோடு அந்த வீடுகளுக்கும் போனார்கள்.