அண்ணனுக்கு நாலு வாசல், தங்கைக்கு ஒன்று

கடந்த மே 4, ஞாயிற்றுக்கிழமை. ஊரில் விடுமுறை நாள். குவைத்தில் எங்களுக்கு அது வாரத்தின் முதல் வேலைநாள். மேலாளரிடம் "மகளுக்குப் பரீட்சை" என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு, காலை எட்டரைக்கே சால்மியாவிலிருந்து கிளம்பிவிட்டோம். நீட் தேர்வு இந்திய நேரப்படி மதியம் 2 மணிக்கு, இங்கே 11.30. கேட்டை அரை மணி நேரம் முன்பே, 11 மணிக்கு அடைத்துவிடுவார்கள். அரைக்கைச் சுரிதார், காலில் செருப்பு, காதில் மூக்கில் ஒன்றுமில்லை. பேனாகூட உள்ளேதான் தருவார்கள். மகள் உள்ளே போனதும், வெளியே வெயிலில் நின்ற அப்பாக்கள் எல்லோரும் காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை.

இரண்டு வருடம் முன்பு மகனை ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குக் கூட்டிப்போனபோது இப்படி இல்லை. 2023 ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல். எழுதிவிட்டு வந்து, "சொதப்பிட்டேன்ப்பா, ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றான். ஏப்ரலில் மறுபடி எழுதினான். ஆண்டுக்கு இரண்டு முறை, எதில் மதிப்பெண் அதிகமோ அதுவே கணக்கு. ஏப்ரலிலும் திருச்சி என்.ஐ.டி. கிடைக்கும் அளவுக்கு வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வீட்டில் யாரும் சாப்பிடாமல் படுக்கவில்லை.

இரண்டும் தேசிய நுழைவுத்தேர்வு. இரண்டையும் நடத்துவது ஒரே என்.டி.ஏ. இரண்டிலும் சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. இரண்டையும் தமிழில் எழுதலாம். பிறகு ஏன் ஒன்றைப் பற்றித் தமிழ்நாடு எட்டு வருடமாகக் கொதிக்கிறது, இன்னொன்றைப் பற்றிப் பேச்சே இல்லை? கேள்வித்தாளின் கடினத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்கள், ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நீட்டைவிடப் பல மடங்கு கடினம் என்பார்கள். அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், தமிழில் கிடையாது. இதற்காக யாராவது சாலை மறியல் செய்ததாக நினைவிருக்கிறதா?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஜே.இ.இ. பல வாசல்களில் ஒரு வாசல். மருத்துவத்துக்கு நீட்டைத் தவிர வேறு வாசல் இல்லை.

என் மகன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசல் ஜே.இ.இ. தரவரிசையில் பொதுக் கலந்தாய்வு. அது கைகூடவில்லை. இரண்டாவது, அதே தரவரிசையை வைத்து வெளிநாட்டு மாணவர்களுக்கான 'டாசா' திட்டம். அதில் மூன்றில் ஒரு பங்கு இடம் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, உள்ளூர் மாணவர்களுக்கான அதே கல்விக் கட்டணத்தில். வடகிழக்கில் ஒரு என்.ஐ.டி.யில் கிடைத்தது, அவன் அம்மா "அவ்ளோ தூரமா?" என்று மறுத்துவிட்டாள். மூன்றாவது, தனியார் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே வைக்கும் தேர்வுகள். நாலாவது, நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வு. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப், நுழைவுத்தேர்வே கிடையாது. தாசில்தார் அலுவலகத்தில் நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம். கோவையில் ஒரு கல்லூரியில் இப்போது மூன்றாமாண்டு போகப்போகிறான். ஜே.இ.இ.யில் தோற்றவன் என்று அவனை யாரும் சொல்வதில்லை. அவனுக்கே அது மறந்துபோய்விட்டது.

மகளுக்கு இந்த ஜூன் 14-ம் தேதி ரிசல்ட் வந்தது. 720-க்கு 412. இந்த வருடம் இயற்பியல் கேள்விகள் பிள்ளைகளைக் கலங்கடித்துவிட்டன. அகில இந்திய முதலிடமே 686-தான். முந்தைய வருடம் 67 பேர் 720-க்கு 720 என்று முதலில் அறிவித்தார்கள், கருணை மதிப்பெண் சர்ச்சை, வினாத்தாள் கசிவு, உச்ச நீதிமன்றம் என்று ஓடியது. ஒரே தேர்வு, ஒரு வருடம் வெண்ணெய், மறுவருடம் கருங்கல். 412 எடுத்தவள் தகுதி பெற்றவள்தான். ஆனால் அரசுக் கல்லூரி கிடைக்காது.

இந்தத் 'தகுதி' என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம். நீட் வந்தபோது என்ன சொன்னார்கள்? பணத்தைப் பார்க்காமல் தகுதியைப் பார்க்கும் தேர்வு என்றார்கள். இந்த வருடம் 22 லட்சம் பேர் எழுதினார்கள், 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.18 லட்சம், அதில் அரசுக் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒரு இடத்துக்குப் பத்துப் 'தகுதியாளர்கள்'. பொதுப்பிரிவில் 144 எடுத்தாலே தகுதி, அது நூற்றுக்கு இருபது. 412 எடுத்த பிள்ளை வெளியே நிற்கும்போது, 150 எடுத்த பிள்ளை அப்பாவின் வங்கிக் கணக்கைக் காட்டி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் என்.ஆர்.ஐ. இடத்தில் சேர முடியும். 2023-ல் முதுநிலை நீட்டுக்குத் தகுதி வரம்பைப் பூஜ்ய பர்சன்டைல் வரை இறக்கினார்களே, அதைவிட வெளிப்படையாக யாரும் சொல்லிவிட முடியாது.

நியாயமாகச் சொன்னால், நீட்டுக்கு முன்பிருந்த காலமும் பொற்காலம் இல்லை. தனியார் கல்லூரிகளில் ஆளுக்கொரு தேர்வு, கல்லூரிக்கொரு விண்ணப்பம், மேசைக்கு அடியில் நன்கொடை. அந்தக் குழப்பத்தை நீட் ஓரளவு குறைத்தது உண்மை. எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் படிப்பதும் சி.பி.எஸ்.இ., அதே என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். ஆகவே எங்களுக்கு நீட் சாதகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2021-ல் முதல்முறையாகக் குவைத்திலேயே மையம் போட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய கொரோனா வருடத்தில், பிள்ளைகளை எப்படி விமானமேற்றுவது என்று இங்குள்ள பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் தனியார் கல்லூரிக் கொள்ளையைத் தடுக்க, மாநில அரசு கட்டி நடத்தும் மதுரை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிகளின் வாசலையும் ஏன் அடைக்க வேண்டும்? ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மத்திய அரசின் பணத்தில் நடப்பவை, அதற்கு மத்திய அரசு தேர்வு வைக்கிறது, யாரும் கேட்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எப்படி ஆள் எடுப்பது என்பதைத் தமிழ்நாடு தீர்மானிக்கிறது. 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத்தேர்வை எடுத்தபோது, இன்ஜினியர் தரம் கெட்டுவிடும் என்றவர்கள் உண்டு. இன்றைக்குக் குவைத் எண்ணெய் வயல்களில் வேலை பார்க்கும் நம் இன்ஜினியர்களில் பலர் அந்தக் கட்-ஆஃபில் வந்தவர்கள்தான். மருத்துவத்துக்கும் 2016 வரை அதே முறைதான். 2017-ல் அது போனது. பிளஸ் 2-வில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை அந்த வருடமே இழந்தோம். மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டதாக இந்த ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார்.

மசோதா ஒரு பக்கம் இருக்கட்டும். நீட் இருக்கும்வரை, ஜே.இ.இ.யிடமிருந்து சில நல்ல பழக்கங்களையாவது வாங்கிக்கொள்ளலாமே. வருடத்துக்கு இரண்டு முறை வையுங்கள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று மாதத்தில் இன்னொரு நாள் கிடைக்கும். இப்போது அது ஒரு முழு வருடம். ஏ.கே.ராஜன் குழு அறிக்கையைப் பாருங்கள்: 2020-21-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதியவர்கள். அந்த வருடங்களுக்குக் கோச்சிங் கட்டணம் கட்ட யாரால் முடியும்? தகுதி மதிப்பெண்ணையும் இருக்கும் இடங்களோடு பொருத்துங்கள். அட்வான்ஸ்டு எழுத இரண்டரை லட்சம் பேர் என்று அங்கே ஒரு எல்லை வைக்கிறார்கள் அல்லவா?

வெளிநாட்டுக்குப் போனாலாவது தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஜார்ஜியாவிலோ பிலிப்பைன்ஸிலோ எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேண்டுமென்றால், அதற்கும் முதலில் நீட்டில் தகுதி பெற வேண்டும். படித்து முடித்து வந்து இன்னொரு தேர்வும் எழுத வேண்டும். எந்த நாட்டில் பி.இ. படித்தவனிடமும் ஜே.இ.இ. மதிப்பெண் என்ன என்று ஒரு கம்பெனியும் கேட்பதில்லை. ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஏஜென்ட்கள் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புகிறார்கள். பனி, பழைய கட்டடம், வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள். "412 சூப்பர் ஸ்கோர் சார்" என்கிறார் ஒருவர்.

மகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒருநாள் இரவு சாப்பிடும்போது மட்டும் கேட்டாள்: "அண்ணனும் நானும் ஒரே ஸ்கூல்தானேப்பா. பன்னெண்டாவதுல அவனைவிட நான்தான் அதிகம். அதை ஏன் யாருமே கேக்க மாட்டேங்கறாங்க?"

இந்த வார இறுதியில் ஊருக்குக் கிளம்புகிறோம். தாசில்தார் அலுவலகத்தில் அவளுக்கும் நேட்டிவிட்டி வாங்க வேண்டும். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்கு மட்டும் போதுமா, இல்லை பி.எஸ்சி. நர்சிங்குக்கும் சேர்த்தா என்று டிக்கெட் போடும்போது கேட்டேன். "ரெண்டுக்கும் வாங்கி வைங்கப்பா" என்றாள்.