பாறைக்குள் பிறந்த காவல்

ஆர்கான் வெல்டிங் பழகவரும் பிள்ளைகள் பட்டறைக்குள் நுழைந்ததும் பார்ப்பது, சுவரோரம் சங்கிலி கட்டி நிறுத்தியிருக்கும் உயரமான சிலிண்டரைத்தான். உள்ளே இருக்கும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது எரியாது, உருகிய உலோகத்தோடும் சேராது. ரெகுலேட்டரில் நிமிடத்துக்கு 8 அல்லது 10 லிட்டர் என்று வைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அது எங்கே பிறந்தது என்று கேட்பவர் அரிது.

அது பிறந்தது பாறைக்குள். கருங்கல்லில் பொட்டாசியம் உண்டு. அந்தப் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஓர் அணு நிலையற்றது. அப்படிப்பட்ட அணுக்களில் பாதி சிதைவதற்கே 125 கோடி ஆண்டுகள் ஆகும். சிதைபவற்றிலும் பத்தில் ஒன்றுதான் ஆர்கானாக மாறும். மற்றவை கால்சியம் ஆகிவிடும். இப்படி அணு அணுவாகச் சேர்ந்தது, எரிமலை வழியாகவும் பாறை கரைந்தும் வெளியேறி, இன்று காற்றில் 0.93 விழுக்காடாக நிற்கிறது. கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கு மேல்! ஆனாலும் 1894 வரை அதை யாரும் அடையாளம் காணவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை விழுக்காடு கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். அந்தச் சிறு எடையை அலட்சியம் செய்யாமல் அவரும் வில்லியம் ராம்சேயும் துருவியபோதுதான் ஆர்கான் வெளிப்பட்டது. நம் ஒவ்வொரு மூச்சிலும் போய்வந்துகொண்டிருந்த பொருள் அது. படைத்தவன் எதையும் மறைத்து வைக்கவில்லை, நாம்தான் பார்க்கவில்லை.

உருகிய இரும்பு காற்றைத் தொட்டால் கெடும். ஆக்சிஜன் அதைப் பொசுக்கும், நைட்ரஜன் உள்ளே புகுந்து குமிழ் குமிழாய் ஓட்டை போடும். கையில் பிடிக்கும் டார்ச்சின் பீங்கான் கப் வழியே இறங்கும் ஆர்கான், காற்றைவிடக் கனமாதலால், உருகிய இடத்தின்மேல் அமர்ந்து காற்றை ஒதுக்குகிறது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித் இந்த முறையை வகுத்தபோது பயன்படுத்தியது ஹீலியத்தை. எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்க அவருக்கு அது வேண்டியிருந்தது. ஆர்கான் பின்னால் வந்து இடம்பிடித்தது. ஹீலியத்தைவிட எளிதாக அதில் ஆர்க் என்னும் மின்வில் பற்றிக்கொள்ளும்; காற்றிலிருந்தே பிரித்தெடுக்கவும் முடியும்.

அந்த ஆர்க்கின் நடுப்பகுதி பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அதன் வாயிலேயே நிற்கிறது ஒரு மெல்லிய டங்ஸ்டன் ராடு. உலோகங்களிலேயே கடைசியாக உருகுவது டங்ஸ்டன், 3,422 டிகிரியில். ஆனால் அது மட்டும் போதாதே! மின்னோட்டத்தைச் சரியான திசையில் வைத்தால், டங்ஸ்டனின் நுனியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் அங்கிருந்த வெப்பத்தில் ஒரு பங்கைக் கூடவே கொண்டுபோய்விடுகின்றன. வெப்பத்தில் பெரும்பகுதி தகட்டில் இறங்குகிறது, நுனி கூர் மழுங்காமல் நிற்கிறது. இதை முதன்முதலாக அறிந்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

பழகுகிறவர்கள் 2 அல்லது 3 மி.மீ. இரும்புத் தகட்டில் தொடங்கலாம். தகட்டின் துருவும் எண்ணெயும் போகத் தேய்க்க வேண்டும். டங்ஸ்டன் ராடை நீளவாக்கில் சாணை பிடிக்க வேண்டும். முதலில், இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டார்ச்சைச் சற்றே சாய்த்து, டங்ஸ்டன் தடிமன் அளவுக்கே இடைவெளி விட்டு, உருகிய சிறு குட்டையை மட்டும் பார்க்க வேண்டும். கண் ஆர்க்கின் வெளிச்சத்துக்குத்தான் ஓடும். அதை இழுத்துக் குட்டையில் நிறுத்துவதுதான் முதல் பாடம்.

அந்தக் குட்டை சும்மா கிடப்பதில்லை, ஓயாமல் சுழல்கிறது. நடுவில் வெப்பம் அதிகம், ஓரத்தில் குறைவு. அதனால் பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறுகிறது, உலோகம் அந்த இழுப்பில் ஓடுகிறது. சுத்தமான எஃகில் அது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். குட்டை அகலும், ஆழம் குறையும். எடையில் ஒரு லட்சத்தில் பத்துப் பங்கு கந்தகம் கலந்திருந்தால் போதும், ஓட்டம் அப்படியே திரும்பி உள்நோக்கிப் பாயும், உருகல் ஆழமாகும். ஒரே ரகம் என்று வாங்கிய இரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் ஒரே ஆம்பியரில் இரு விதமாக உருகினால், கையைக் குறை சொல்லும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

அலுமினியம் இன்னொரு விந்தை. உலோகம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். ஏ.சி. மின்னோட்டத்தில் ஒரு பாதி அலை அந்தத் தோலை உடைத்து நீக்க, மறு பாதி அலை உலோகத்தை உருக்குகிறது. நொடிக்குப் பல முறை இது மாறிமாறி நடக்க, குட்டை கண்ணாடிபோல் பளிச்சிடும். அந்தப் பளபளப்பு வந்த பிறகே ஃபில்லர் ராடை நுழைக்க வேண்டும். இரும்பைப்போல் சிவந்து முன்னறிவிப்பு தராது என்பதால், அலுமினியத்தை இரண்டாவதாகக் கற்பதே நல்லது.

திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த பாய்லர் தொழிலில், குழாய் மூட்டின் அடிப்பகுதிக்கு முதல் வெல்டிங் ஓட்டத்தை ஆர்கானில்தான் போடுகிறார்கள். உயர் அழுத்த நீராவியைத் தாங்கும் மூட்டு அது. அதை நம்பி அனல் மின் நிலையங்கள் ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த அடி ஓட்டம் தெரியவே தெரியாது.

பழகவரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். காற்றை ஒதுக்கும் அதே குணத்தால் ஆர்கான் ஆளையும் கொல்லும். தொட்டியிலும் பள்ளத்திலும் அடியில் தங்கி, வாசனையே காட்டாமல் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் செய்துவிடும். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் டார்ச்சைத் தொடாதீர்கள். காற்றோட்டம் செய்து, ஆக்சிஜன் அளவைச் சோதித்து, வெளியே ஒருவரைக் காவல் நிறுத்திய பிறகே அடைத்த இடத்துக்குள் இறங்குங்கள்.